அடுப்படியிலிருந்து எத்தனை அடி

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 209 அடி வரும். மூலைக்கு மூலை குறுக்கே நடந்தால் 295 அடி. சாவகாசமாக நடந்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இத்தனை சின்ன இடத்தில் தொலைவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் நகரத்துக்காரர்கள் வாங்கிப் போட்டிருக்கும் ஒன்றிரண்டு ஏக்கர் தோட்டங்களில் காய்கறிப் பாத்தி பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. ஒரே மண், ஒரே கிணறு, ஒரே நாற்றுப்பண்ணையில் வாங்கிய கத்திரி. வாசலிலிருந்து கேட்டுக்குப் போகிற தடத்தோரம் வைத்த செடிகள் காய்த்துக்கொண்டிருக்கும். மோட்டார் ரூமுக்குப் பின்னால் வைத்தவை நுனி தொங்கி நிற்கும். துளைப்பான் புழு தண்டுக்குள் புகுந்தால் முதலில் வாடுவது நுனிக்குருத்து. அந்த வாடிய நுனியைக் கிள்ளி எடுத்து அழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மருந்து பிறகுதான். தடத்தோரச் செடியில் அதை யாரோ போகிறபோக்கில் கிள்ளிவிட்டார்கள். பின்னால் இருந்ததை யாரும் பார்க்கவில்லை.

உடையவன் போகாத நிலம் ஊடிக்கொள்ளும் என்று உழவு அதிகாரத்தில் குறள் சொல்லிவிட்டது. அது தெரிந்த சேதி. அந்த ஊடல் எந்த இடத்தில் தொடங்கி எந்த வரிசையில் பரவுகிறது என்பதுதான் தோட்டம் போடுகிறவனுக்கு வேண்டியது.

அதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மனியின் வடக்கே மெக்லென்பர்க்கில் 1810-ல் தெல்லோ என்ற பண்ணையை வாங்கிய யோஹான் ஹைன்ரிஷ் ஃபொன் தூனென். வரவு செலவை வருடக்கணக்கில் எழுதிவைத்து, அதிலிருந்து 1826-ல் 'தனித்திருக்கும் நாடு' என்ற நூலைக் கொண்டுவந்தார். சமவெளி நடுவே ஒரே ஒரு நகரம். சுற்றிலும் ஒரே தரமான மண். ஆறு இல்லை, கால்வாய் இல்லை, சரக்கெல்லாம் மாட்டுவண்டியோ குதிரைவண்டியோதான் போகவேண்டும். அப்படியானால் எங்கே எது விளையும்? நகரத்தை ஒட்டிய முதல் வளையத்தில் காய்கறியும் பாலும். நிலம் அங்கே தரிசாகக் கிடப்பதில்லை, நகரத்து எரு அங்கேதான் வந்து சேர்கிறது. அடுத்த வளையம் விறகுக் காடு. விறகு கனமானது, வெகுதூரம் இழுத்துவர முடியாது. அதற்கப்பால் தானியம், கடைசியில் மேய்ச்சல். மேய்ச்சல் விலங்கு தன் காலிலேயே சந்தைக்கு நடந்துவரும், வண்டிக்கூலி மிச்சம். பொருளாதாரப் பாடப்புத்தகங்கள் இதை நில வாடகைக் கோட்பாடாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. தூனென் எழுதியதைத் தோட்டக்காரனின் புத்தகமாகப் படித்தாலும் குறை ஒன்றும் வராது. மைக்கேல் சிஷோம் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1962-ல் இதே கேள்வியை ஊருக்குள் இறக்கினார். சிசிலித் தீவின் கானிகாத்தி ஊரில், வீட்டுக்கும் வயலுக்கும் உள்ள தூரம் கூடக்கூட ஒரு ஹெக்டேருக்கு ஆகும் ஆள்நாட்கள் குறைந்துகொண்டே போவதைக் காட்டினார். அதிக ஆள் கேட்கிற பயிர் கிட்டே, குறைந்த ஆள் கேட்கிற பயிர் எட்டே.

கொங்கு நாட்டுக்காரனுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். அவன் தாத்தா இதைக் கோட்பாடு என்று சொல்லாமலே செய்துவைத்திருந்தார். வீட்டை ஒட்டிய பொடக்காளியில் வாழை, கறிவேப்பிலை, முருங்கை, பந்தலில் அவரை. அதை அடுத்துக் கிணற்றுப் பாசனத்தில் தோட்டம்: மஞ்சள், மிளகாய், வெங்காயம், புகையிலை. தோட்டத்துக்கு அப்பால் மானாவாரிக் காடு: சோளம், கம்பு, கொள்ளு, நரிப்பயறு. எல்லாவற்றுக்கும் அப்பால் கொறங்காடு. கிளுவை வேலி அடைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரமும் விட்டு, காங்கேயம் மாடுகளும் ஆடுகளும் பகலெல்லாம் தாமாகவே மேய்கிற நிலம். மழை வருடத்துக்கு 600, 650 மில்லிமீட்டர் வந்தால் பெரிது. அதிலும் பாதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடிந்துவிடும். எல்லா நிலத்தையும் ஒரே கவனத்தோடு பார்க்க ஆளும் இல்லை, நீரும் இல்லை. இருக்கிற கவனத்தை அடுப்படியிலிருந்து வெளியே அடுக்கடுக்காகக் குறைத்துக்கொண்டே போனார்கள்.

ஒரு வித்தியாசம் உண்டு. தூனெனின் வளையங்களை வரைந்தது வண்டி. இங்கே முதல் வளையத்தை வரைந்தது ஒரு பெண்ணின் நடை. பாத்திரம் கழுவிய நீர் எங்கே போய் விழுகிறதோ அங்கே வாழை. குளித்த நீர் ஓடுகிற வாய்க்காலில் சேம்பும் கல்வாழையும். அரிசி களைந்த தண்ணீர் முருங்கைக்கு. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்குச் சில நூறு லிட்டர் நீர் இப்படிக் கையைக் கடந்து போகிறது. சித்திரையில் கிணறு தூரைக் காட்டும்போதும் பொடக்காளி பச்சையாக இருந்ததன் ரகசியம் இவ்வளவுதான். இதை ஆகா, முன்னோர் அறிவு என்று புகழ்ந்து எழுதுவது இப்போது வழக்கம். புகழலாம். ஆனால் விடிந்ததிலிருந்து அடையும்வரை, கூலி என்ற பேச்சே இல்லாமல், அந்த வீட்டைவிட்டு நகராமல் ஒருத்தி இருந்தாள் என்பதும் அந்த அறிவின் பாகம்தான். அதை விட்டுவிட்டு வாழைமரத்தை மட்டும் புகழ்ந்தால் கணக்கு உதைக்கும்.

ஆஸ்திரேலியாவின் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978-ல் 'பெர்மாகல்ச்சர்' என்ற பெயரில் எழுதியபோது, பண்ணையைச் சமையலறை வாசலிலிருந்து மண்டலங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். தினம் போகிற இடம், வாரம் போகிற இடம், எப்போதாவது போகிற இடம், போகவே தேவையில்லாத காடு. இன்று கோவையைச் சுற்றியுள்ள இயற்கை வேளாண் பயிலரங்குகளில் வட்டம் வட்டமாகப் படம் போட்டு இதைச் சொல்லித் தருகிறார்கள். படத்தைப் பார்க்கிறவர்கள் அதை நில அளவுப் படமாக எடுத்துக்கொண்டு விடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். முப்பதடி தள்ளியிருக்கும் மூலைக்குப் போக வேறு காரணம் எதுவும் இல்லையென்றால், அது நூறடி தள்ளியிருக்கும் கேட்டைவிடத் தூரம். கேட்டுக்குப் பால்காரர் வருகிறார், பேப்பர் வருகிறது, பிள்ளைகள் பள்ளிவேனுக்குப் போகிறார்கள். அந்தத் தடத்தோரம் நின்றால் போதும், ஒரு மிளகாய்ச் செடியை நாளைக்கு நாலு முறை யாராவது பார்த்துவிடுவார்கள்.

பிறகு மோட்டார் வந்தது. 1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியபின் கோவைப் பக்கம் மின்சாரம் பரவியது. கவலை இறைத்த மாடுகள் மெல்ல மெல்லக் கிணற்று மேட்டைவிட்டு இறங்கின. விவசாய மின்சாரம் இலவசமாயிற்று. பிவிசி குழாய் வந்தது, அதன்பின் சொட்டுநீர். சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு முழு மானியமே கிடைக்கிறது. நீரை எத்தனை தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம் என்றானபிறகு தோட்டம் வீட்டைவிட்டு விலகிக்கொண்டே போனது. எருவும் டிராக்டரில் ஏறிப் போய்விடும். போகாமல் நின்றது கண் ஒன்றுதான்.

பாத்தி கட்டிப் பாய்ச்சிய காலத்தில் தண்ணீர் கட்டுகிறவர் மண்வெட்டியோடு வாய்மடையில் நிற்பார். ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததைத் திறப்பார். நிறைகிறவரை வேறு வேலை இல்லை, செடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த இலை சுருண்டிருக்கிறது, எங்கே எறும்பு வரிசை ஏறுகிறது, எந்த மூலையில் பெருச்சாளி வங்கு பறித்திருக்கிறது, எல்லாம் அவருக்கு அத்துபடி. நீர் பாய்ச்சியவரே தோட்டத்தின் காவலரும் மருத்துவருமாக இருந்தார்; அந்த இரண்டு வேலைக்கும் தனியாகச் சம்பளம் கிடையாது. சொட்டுநீர் வந்து நீரை மிச்சப்படுத்தியது, ஆளை மிச்சப்படுத்தியது, அவரோடு அந்தப் பார்வையையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. எல்லோரும் மறுபடி வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சவேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. நிலத்தடி நீர் கிடக்கிற கிடப்பில் அப்படிச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. கைபேசியில் பொத்தானைத் தட்டினால் தோட்டத்தில் மோட்டார் ஓடும் என்கிற வசதிக்கு ஒரு விலை உண்டு, அதை அணில் வசூல் செய்துவிடும் என்றுதான் சொல்ல வருவது. அணிலும் எலியும் சொட்டுநீர்க் குழாயைக் கடித்துவைக்கும். ஓரிடத்தில் நீர் பீய்ச்சி அடிக்கும், அதற்கப்பால் உள்ள வரிசை முழுக்கக் காயும். கைபேசியில் மோட்டார் ஓடுவதாகவே காட்டும். இதற்குச் சில அனுபவசாலிகள் செய்கிற தந்திரம் எளிமையானது. வால்வுகளை மோட்டார் ரூமில் வரிசையாக வைக்காமல் அந்தந்தப் பாத்தியின் தலைமாட்டில் வைக்கிறார்கள். திறக்கப் போகிறவர் நடந்தே ஆகவேண்டும்.

நடக்காததன் விலை எவ்வளவு என்பதை 2008 காட்டியது. அந்த வருடம் ஜூலையில், கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி அடையாளம் காணப்பட்டது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. அடையாளம் சொன்னவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் பணியாற்றிய தமிழர், பூச்சியியல் அறிஞர் ஆர். முனியப்பன். முதலில் இலைக்கு அடியில், நரம்போரம் ஒரு துளி வெள்ளை. அப்போதே இலையைக் கிள்ளி எரித்துவிட்டால் செடி தப்பும். இரண்டு வாரம் பார்க்காமல் விட்டால் தண்டு, காய் எல்லாம் வெள்ளை அப்பிக்கொள்ளும். மெழுகுப்பூச்சுக்குள் மருந்து இறங்காது. அடித்த மருந்து மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டுகளைத்தான் முதலில் கொன்றது. பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று பரவியது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரித் தோட்டத்தை அடியோடு வெட்டிப் போட்டார்கள்.

தீர்வாக வந்ததும் ஒரு வகையில் கண்தான், மனிதக் கண் இல்லை. 2010-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அதில் 'அசிரோபேகஸ் பப்பாயே' என்பது நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த உடல். மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளேயிருந்தே தின்று வெளியே வரும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விட்டது. மருந்து அடிப்பதை நிறுத்திய தோட்டங்களில் குளவி தானாகவே வரிசை வரிசையாகத் தேடிப் போனது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்த செடியையும் அது விடவில்லை. மரவள்ளிக்கு வேறொரு மாவுப்பூச்சி 2020-ல் திருச்சூரில் தென்பட்டுச் சேலம், நாமக்கல் வரை பரவியபோதும் இதே வழிதான். பெனின் நாட்டிலிருந்து தருவித்த இன்னொரு குளவியை 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

ஆள் இல்லாதபோதும் வேலை செய்கிறவை என்று ஒரு பட்டியல் போட்டால், குளவிக்குப் பக்கத்தில் கிளுவையை வைக்கவேண்டும். ஆளுயரப் போத்து வெட்டி நெருக்கி ஊன்றினால் வேர்விட்டு முள்வேலியாகிவிடும். ஓட்டை விழுந்த இடத்தில் பக்கத்துக் கிளையே சாய்ந்து அடைக்கும், அல்லது ஒரு போத்தை ஊன்றிவிட்டுப் போகலாம். கல்லுக்கால் நட்டு இழுத்த கம்பிவேலி முதல் நாள் அழகாக இருக்கும், பிறகு ஒவ்வொரு நாளும் தளரும். மயிலை இரண்டுமே நிறுத்தாது என்பது வேறு. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உயர்ந்த பட்டியலில் இருக்கிற பறவை அது, கொங்குச் சீமையில் தக்காளிப் பாத்திகளின் முழுநேர வாடிக்கையாளர். தக்காளியையும் பச்சை மிளகாயையும் அடுப்படிச் சன்னலுக்கு நேரே வைக்க அதுவே போதுமான காரணம்.

எருக்குழி எங்கே இருக்கவேண்டும் என்பதில் மட்டும் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் இழுக்கும். சாணமும் அடுப்படிக் கழிவும் தினம் சேருவதால் கிட்டே இருப்பதுதான் வசதி. ஆனால் மக்கிக்கொண்டிருக்கும் குப்பையில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கிறது. வளர்ந்த வண்டு பறந்து போய்த் தென்னங்குருத்தைத் துளைக்கும். பின்னால் விரிகிற மட்டை கத்தரியால் முக்கோணமாக வெட்டினது போல் இருக்கும். இளந்தென்னை என்றால் குருத்தே போகும். வேப்பங்கொட்டைத் தூளோடு இரண்டு பங்கு மணல் கலந்து நடுமட்டை இடுக்குகளில் போடச் சொல்கிறார்கள், குழியில் மெட்டாரைசியம் பூஞ்சை தூவச் சொல்கிறார்கள். இரண்டும் பயன் தரும். ஆனால் குழியை மாதம் ஒருமுறை கிளறினால் கொழுத்த வெள்ளைப் புழுக்கள் மேலே வரும், கோழிகள் பார்த்துக்கொள்ளும். கிளற வேண்டுமானால் குழி கிட்டே இருக்கவேண்டும். ஆக, வண்டுக்குப் பயந்து எருக்குழியைத் தள்ளி வைத்தவன்தான் வண்டை அதிகம் வளர்க்கிறான்.

வாரக்கடைசியில் மட்டும் வருகிறவர் என்ன வைப்பது? ஊர்ப்பக்கம் ஒரு வாசகம் அடிக்கடி கேட்கும்: "நேத்தே வந்திருந்தீங்கன்னா பறிச்சிருக்கலாமுங்க." வெண்டைக்காய் விஷயத்தில் அது உண்மை. இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்கவில்லை என்றால் நார் ஏறிவிடும். முற்றிய காயைச் செடியில் விட்டால் செடியும் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். மல்லிகை ஒரு நாள்கூடப் பொறுக்காது, மொட்டை விடிவதற்குள் எடுத்தாகவேண்டும். கத்திரி நாலைந்து நாள் பொறுக்கும். முருங்கையில் பெரியகுளத்திலிருந்து 1989-ல் வந்த பிகேஎம் 1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கும் என்று கேட்டு நடுகிறார்கள், நடட்டும். ஆனால் செடி இரண்டரை அடி வளர்ந்தவுடன் நுனியைக் கிள்ளவேண்டும். அந்த வாரத்தைத் தவறவிட்டால் ஒற்றைக் கம்பாக மேலே போய்விடும், காய் எட்டாது. தென்னை 45 நாளுக்கு ஒரு வெட்டு, பத்து நாள் தள்ளிப்போனாலும் கோபித்துக்கொள்ளாது. சேனை எட்டு, ஒன்பது மாதம் மண்ணுக்குள் கிடந்து, எடுக்க ஆள் வரவில்லை என்றால் இன்னும் சில வாரம் காத்திருக்கும். மஞ்சளும் அந்த ஜாதிதான். பூசணி படர்ந்த இடத்திலேயே காம்பு காய்ந்து கிடக்கும். நாற்றுக்கடைக்குப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் எத்தனை நாள் பொறுக்கும் என்று கேட்கலாம். கேட்பவர் அபூர்வம். வாரக்கடைசித் தோட்டங்களில் முதலில் நடப்படுவது எப்போதும் வெண்டைதான்.

வீட்டையும் தோட்டத்தையும் ஒட்டிவைத்த இன்னோர் இடம் யாழ்ப்பாணம். அங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைக் கிணற்றால் எடுத்துத்தான் அத்தனை வாழையும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும். அங்கே வளவு என்பது வீடும் கிணறும் தோட்டமும் ஒரே வேலிக்குள். பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்ட அந்த வேலி, குழை வெட்டி மண்ணில் தாழ்க்கிற உரக்கிடங்கும்கூட. துலா மிதித்து இறைத்த நாளில் ஒரு கிணற்று நீர் எட்டும் தூரமே தோட்டத்தின் எல்லை. பங்குக் கிணற்றில் நாள்முறை வைத்து இறைத்தார்கள். மோட்டாரும் உரமும் வந்து எல்லை கரைந்தபின், தோட்டத்துக்குக் கொட்டிய உரத்தின் நைட்ரேட் குடிநீர்க் கிணற்றில் வந்து சேர்ந்தது. அங்கே மண்ணுக்கும் நீருக்கும் நடுவே தடுப்பு அதிகமில்லை.

திரும்பவும் தாராபுரம் சாலைப் பக்கம். வாரக்கடைசி முதலாளி கட்டிய வீடு பெரும்பாலும் நிலத்தின் நடுவே, மேட்டில், நாலு பக்கமும் பார்வை விழும் இடத்தில் இருக்கும். அதன் சமையலறைக் கழிவுநீர் மண்ணுக்கடியில் செப்டிக் தொட்டிக்குப் போய்விடும். எதிரே கல் பதித்த வட்டத்தில் மூலிகைப் பாத்தி, பெயர்ப்பலகையோடு. காவலுக்கு இருக்கும் குடும்பத்துக்குக் கேட்டோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அந்த அறையின் பின்பக்கம் துணி துவைக்கும் கல், அதிலிருந்து வழிகிற நீரில் நாலு வாழை, வாழைக்கு அந்தப் பக்கம் பந்தல்போட்ட பீர்க்கை, கூரைமேல் ஏறிய சுரை, பழைய பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்பும் காரின் பின்பக்கத்தில் பையோடு ஏறுகிற காய் பெரும்பாலும் இந்தப் பந்தலில் பறித்ததுதான். விதை அந்த அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்தது. அதற்குக் காசு கேட்டதாகத் தெரியவில்லை, கொடுத்ததாகவும் தெரியவில்லை. சம்பளம் பேசும்போது காவலுக்கு இவ்வளவு, தென்னைக்குத் தண்ணீர் விட இவ்வளவு என்று பேசுகிறார்கள். பந்தல் அந்தப் பேச்சில் வருவதில்லை.

புதிதாக நிலம் வாங்கி வீட்டுக்குப் படம் போடக் கொடுக்கிறவர்கள் இரண்டு வேலை செய்யலாம். சமையலறைக் குழாயைக் கழிப்பறைக் குழாயோடு சேர்க்காமல் தனியாக வெளியே எடுக்கச் சொல்லலாம். கொத்தனாருக்கு அரைநாள் வேலை. காவல் குடும்பத்தின் வீட்டைக் கிணற்றுக்கும் பாத்திக்கும் நடுவே, காற்று வரும் திசை பார்த்து, இரண்டு அறையோடு கட்டிக் கொடுத்துவிட்டு, காய்கறிக்கென்று தனிக் கூலியோ விளைச்சலில் பங்கோ முதலிலேயே பேசிக்கொள்ளலாம். மூலிகைப் பாத்திக்கு வாங்கி வைத்த கல், துவைக்கும் இடத்துக்குத் தளம் போடச் சரியாக இருக்கும்.